வெறும் வயிற்று ரத்தம்

"ஆன்ட்டி, வெளிய எடுத்த ரத்தத்துக்கு உயிர் இருக்குமா?"

ஊசிக்குக் கை நீட்டிய ஒரு சின்னப் பெண் கேட்டது இது. கேட்டது என் நண்பனின் அண்ணியிடம். பரிசோதனைக்கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது அவர் வேலை.

"கொஞ்ச நேரம் இருக்கும்டா கண்ணு. டியூபுக்குள்ள இருக்கற சர்க்கரையத் தின்னுக்கிட்டே இருக்கும். அது தின்னு தீர்க்கறதுக்குள்ள மெஷின்ல வைக்கணும்னுதான் ஆன்ட்டி ஓடுறேன்" என்றாராம் அண்ணி.

இதை நான் சொல்லத் தொடங்கியபோது மருத்துவமனை வராந்தாவில் நாங்கள் நாலைந்து பேர் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். எங்கள் ஆட்கள் உள்ளே கட்டிலில். அவர்களின் ரத்தம் கீழே எங்கோ மெஷினில். முடிவு வரும்வரை யாருக்கும் தூக்கம் இல்லை.

"சார், பேய்க் கதைன்னா இப்பவே சொல்லிடுங்க. பாத்ரூம் அந்தக் கோடியில இருக்கு" என்றார் ஆட்டோக்காரர்.

"போயிட்டு வந்து உக்காருங்க, நாங்க காத்திருக்கோம்" என்றார் தையல்கார அம்மா. ஆட்டோக்காரர் போகவில்லை. போர்வையை இழுத்துக்கொண்டார்.

சரி... கேளுங்கள்.

காலை ஐந்து மணி. இன்னும் இருட்டு. கிடங்குகளுக்குப் பின்னால் போகிற சாலை. அந்த நேரத்தில் அங்கே நாய்கூடக் குரைக்காது. அண்ணியின் ஸ்கூட்டர் சத்தம் மட்டும் சுவரில் பட்டுத் திரும்பி வரும். சாலை முடிகிற இடத்தில் ஒரே ஒரு வீடு. லாரி ஓட்டி ஓய்ந்த ஒரு பெரியவர். பக்கவாதத்தில் படுத்துவிட்ட அவர் மனைவி. வேறு யாரும் இல்லை.

பெரியவருக்குச் சிறுநீரகக் கோளாறு. மாதம் ஒருமுறை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். அண்ணியைப் பார்த்ததும், "வாம்மா கொசு ராணி! இன்னிக்கு எத்தனை பாட்டில்?" என்பார். உள் அறையிலிருந்து, "யாருங்க வந்திருக்கறது?" என்று மனைவியின் குழறல் கேட்கும். "உன் சக்களத்தி!" என்பார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். அண்ணிக்கு அந்த வீடு பிடிக்கும்.

அன்றைக்குக் கதவு திறந்தே இருந்தது. விளக்கு இல்லை.

"கரண்ட் இல்லையாய்யா?"

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்கெனவே மடித்துவிட்டிருந்தார். அறையில் அந்துருண்டை வாசம்... அதற்கு அடியில், தித்திப்பாக, குமட்டுகிற மாதிரி இன்னொரு வாசம்.

அண்ணி கைபேசி வெளிச்சத்தில் கையைத் தொட்டார். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி ஜில்லென்று இருந்தது. ஊசி குத்தியும் டியூபில் ரத்தம் ஏறவே இல்லை. பிறகு ஏறியது... ஒவ்வொரு சொட்டாக. கருப்பாக.

"அம்மா தூங்கறாங்களா?"

"தூங்கறா" என்றார் பெரியவர். உள் அறைப் பக்கம் தலையைத் திருப்பி, "பசியோட தூங்கறா."

அண்ணி கிளம்பும்போது, "சீக்கிரம் பாருங்கம்மா" என்றார். அவ்வளவுதான். சிரிப்பு இல்லை, கொசு ராணி இல்லை. உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அண்ணி வந்துவிட்டார்.

பரிசோதனைக்கூடத்தில் டியூபைக் கொடுத்த ஒரு மணி நேரத்தில், மெஷினில் உட்காருகிற பையன் போனில் கூப்பிட்டான்.

"அக்கா, இதை எந்த மூலையில போட்டு வச்சிருந்தீங்க? சர்க்கரை சுத்தமா இல்ல. பொட்டாசியம் மெஷின் அளவையே தாண்டி நிக்குது."

"இப்பத்தாண்டா எடுத்தேன்."

"ஊதா மூடி டியூப்ல மிஞ்சினதை இதுல ஊத்திட்டீங்களா? அதுல இருக்கற, ரத்தம் உறையாம வைக்கற மருந்து கலந்தா பொட்டாசியம் இப்படித்தான் எகிறும்."

"நான் என்ன நேத்தா வேலைக்கு வந்தேன்?"

"அப்ப இது பொணத்து ரத்தம்க்கா" என்று சிரித்தான். "சாம்பிள் சரியில்லன்னு எழுதித் தூக்கிப் போட்டுடறேன். அடுத்த வாரம் எடுத்துக்கலாம்."

எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. உயிருக்கு ஆபத்தான அளவு வந்தால், அந்த நிமிடமே வீட்டுக்குச் சொல்லிவிட வேண்டும். அண்ணி போன் செய்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தார். ஓய்ந்தது.

இன்னும் மூன்று வீடு பாக்கி. எல்லாரும் காபிகூடக் குடிக்காமல் இவருக்காகக் காத்திருக்கிறார்கள். போகாவிட்டால் மேலாளர் திட்டுவார். ஆனால் அந்தப் பொட்டாசியம் அளவு நிஜமாக இருந்தால்? அந்தக் கிழவரின் நெஞ்சு எந்த நேரமும் நின்றுவிடுமே... அண்ணி ஸ்கூட்டரைத் திருப்பினார்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார், கத்தினார். சன்னல் இடுக்கில் அதே தித்திப்பு வாசம்... இப்போது பத்து மடங்காக. அந்தப் பக்கம் வந்த தண்ணீர் லாரிக்காரரைக் கூப்பிட்டுக் கதவை உடைத்தார்கள்.

குளியலறை வாசலில் பெரியவர் குப்புறக் கிடந்தார். இறந்து இரண்டு மூன்று நாளாகியிருக்கும் என்று பிறகு மருத்துவர் சொன்னார். வலது கைச் சட்டை மட்டும் முழங்கைக்கு மேல் மடித்திருந்தது.

ஆட்டோக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் விலக்கவில்லை. எனக்கும் வேண்டியிருந்தது.

உள் அறையில் அந்த அம்மாவுக்கு உயிர் இருந்தது. உதடு வெடித்து, நாக்கு ஒட்டிப்போய்... ஆனால் இருந்தது. அண்ணி பஞ்சை நனைத்து வாயில் பிழிந்தார். அந்த அம்மா கேட்ட முதல் வார்த்தை:

"வந்துட்டியா? ஆளைக் கூட்டிட்டு வரேன்னுட்டுப் போனாரு... எங்க அவரு?"

அண்ணி பஞ்சை மறுபடி நனைத்தார். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார்.

"அந்த ரத்தம் யாரோடது அப்ப?" என்றார் தையல்கார அம்மா, மெதுவாக.

தெரியாது. நான் நம்புவது ஒன்றுதான். ஒருத்தி மூன்று வீட்டாரின் கோபத்தைப் பொறுத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினாள். அந்தச் சின்ன இரக்கத்துக்குள் கடவுள் நுழைய இடம் இருந்தது.

இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அதே வருஷ மழைக்காலத்தில் அண்ணிக்கு ஓயாத அசதி. கால் வீங்கும். ஊருக்கே ரத்தம் எடுப்பவர், தனக்கு ஒரு சொட்டு எடுத்துப் பார்த்ததில்லை. "உனக்கும் பாரேன்" என்று என் நண்பன் சொன்னால், "பாத்தா ஏதாவது இருக்கும்டா கொழுந்தனாரே" என்று சிரிப்பாராம்.

ஒரு மத்தியானம், பரிசோதனைக்கூடத்தின் சின்ன அறையில் உள்தாழ் போட்டுவிட்டு, நாற்காலியிலேயே கண் அயர்ந்தார். விழித்தபோது மேசைத் தாங்கியில் ஒரு டியூப் நின்றது. நிறைய ரத்தம். தொட்டார்... வெதுவெதுப்பாக இருந்தது. டியூபின் மேல் அண்ணியின் பெயர். கோணல் மாணலான எழுத்து.

தாழ் போட்டபடியே இருந்தது.

எறியத்தான் நினைத்தார். பிறகு கொண்டுபோய் மெஷினில் வைத்தார். சிறுநீரகம் கெடத் தொடங்கியிருந்தது. "நல்ல நேரத்துல வந்தீங்கம்மா, இப்பன்னா மருந்துலயே பிடிச்சு நிறுத்திடலாம்" என்றார் மருத்துவர். நிறுத்தியும்விட்டார்கள்.

யார் எடுத்தது என்று அண்ணி யாரிடமும் கேட்கவில்லை. முழங்கை மடிப்பில் ஊசிப் புள்ளி இருந்தது. ஆனால் துளி கன்றல் இல்லை. ஊசியை எடுத்தபின் நெடுநேரம் அழுத்திப் பிடித்தால்தான் அப்படி இருக்கும்.

அந்த இடம் மட்டும், ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு, சாயங்காலம்வரை ஜில்லென்று இருந்ததாம்.