அபூதாஹிரின் மூன்று ஆட்டங்கள்

செங்கல் பிடிக்கிறவனுக்கு விரல் வீங்குவது புதுமையல்ல, அப்போதிக்கரி ஐயா. மூன்று விரல்கள் ஒரே நாளில் ஒடிந்தது எப்படி என்று மருந்து கட்டிக்கொண்டே கேட்கிறீர்கள். சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

கிண்ணியாவிலிருந்து வள்ளத்தில் கல் வரும். வள்ளத்தில் நின்று அபூதாஹிர் எறிவான். இறங்குதுறையில் நின்று நான் பிடிப்பேன். "வரட்டும்" என்று நான் சொன்னால்தான் எறிவான். சொன்னால் கல் முட்டை போல வந்து கையில் உட்காரும். எட்டு வருஷம் அப்படி. என் உள்ளங்கையைப் பார்த்தவர்கள் கணக்கப்பிள்ளையின் கை என்பார்கள்.

யுத்தம் வந்தது. பின்னால் ஒரு அமெரிக்கக் கப்பலும் வந்தது. ஒருநாள் குரங்கொன்று கப்பல் அதிகாரியின் தொப்பியைப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டு புளியமரத்தில் ஏறியது. அபூதாஹிர் ஒரு கல்துண்டை எறிந்தான். தொப்பி மட்டும் விழுந்தது. குரங்கு தலையைத் தடவிப் பார்த்தது. இன்னொரு கப்பலோடு தாங்கள் ஆடும் பேஸ்பாலுக்குப் பந்து எறிய அன்றே அவனைக் கூட்டிப் போனார்கள். தடிக்காரன் அடிக்க வேண்டும், எறிகிறவன் அடிக்க விடக் கூடாது, விளையாட்டு அவ்வளவுதான்.

முதல் இரண்டு ஆட்டத்திலும் ஒருவருடைய தடியிலும் பந்து படவில்லை. ஒரு துரை வீசிய வேகத்தில் தானே சுற்றி நிலத்தில் உட்கார்ந்தார். மூன்றாவதையும் வென்றால் சாமான் கொட்டிலில் நிரந்தர வேலை என்றார் அதிகாரி. நிழல் வேலை. அபூதாஹிரின் மனைவி மைமூனா அதற்கென்று ஒரு காற்சட்டை தைத்து வைத்தாள்.

எனக்குப் பொறாமை இல்லை. அவனுடைய இடத்துக்கு வேலாப்போடியைப் போட்டார்கள். அவன் கல்லை என் வயிற்றுக்கு எறிந்துவிட்டு, "கை இருக்கேக்க ஏன் அண்ணை வயித்தால பிடிக்கிறியள்?" என்று கேட்டான். நீங்களே சொல்லுங்கள், இதை எத்தனை நாள் தாங்குவது.

மூன்றாவது ஆட்டத்தில் தடிக்காரனுக்குப் பின்னால் கயிற்றோரம் போய் நின்றேன். அபூதாஹிர் கையை ஓங்கும்போதெல்லாம், இறங்குதுறையில் சொல்கிற அதே குரலில் "வரட்டும்" என்றேன். நான் செய்தது அவ்வளவுதான்.

பந்து பஞ்சாக வந்தது. ஆறு பந்து கடலுக்குப் போனது. ஏழாவது கரையோரம் நின்ற போர்க்கப்பலின் தளத்தில் விழ, அபாயச் சங்கு ஊதியது. ஜப்பான்காரன் வந்துவிட்டான் என்று துரைமாரும் நாங்களும் ஒரே பதுங்குகுழியில் படுத்தோம். ஆட்டமும் உத்தியோகமும் அத்தோடு சரி.

அபூதாஹிர் எனக்குப் பக்கத்தில்தான் கிடந்தான்.

"மச்சான், உன்ட சத்தம் கேட்டிச்சு."

"ஓம். நீ இல்லாம ஏலாமப் போச்சு."

"நாளைக்கு வள்ளத்துக்கு வாறன்," என்றான்.

இன்று காலை வந்தான், அந்தக் காற்சட்டையோடு. அவனுக்கு என்மேல் கோபம் ஒன்றுமில்லை, ஐயா. மறுபடி என்னோடு வேலை செய்ய அவ்வளவு ஆசை: "வரட்டும்" என்று சொல்ல நான் வாயைத் திறக்கும் முன்பே கல் வந்துவிடுகிறது.