மூலத்தை மூடி வைக்காதீர்!

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, நடு நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, நான் வாய் திறக்கும் முன்பே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து என்னை மிரட்டிக்கொண்டிருக்கும் இரும்புக்கடை அதிபர், கடைத்தெரு வணிகர் சங்கத்தின் கலங்கரை விளக்கம், மாண்புமிகு தலைவர் அவர்களே! மேடையில் நாற்காலி போதாமல் ஒலிபெருக்கிப் பெட்டிமேல் வீற்றிருக்கும் துணைத்தலைவர் அவர்களே! பெரியோர்களே! பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்களே! அந்தப் பிள்ளைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு நிம்மதியாக வந்திருக்கும் தந்தைமார்களே! மண்டபம் நிறைய நாற்காலி போட்டிருந்தும் ஒன்றில்கூட உட்காராமல், பின்சுவர் ஓரமாக ஒருக்களித்து நிற்கும் என் அன்புப் பெருமக்களே! உங்கள் பாதங்களுக்கும், அந்தப் பாதங்கள் தாங்கி நிற்கும் பாரத்துக்கும் சலவைக்கடைக்காரனாகிய என் பணிவான வணக்கம்.

உள்ளே நுழைந்ததும் எனக்கு உள்ளம் குளிர்ந்தது. பத்துப் பேர் வந்தால் பாக்கியம் என்று நினைத்தவனுக்கு, பார்த்த இடமெல்லாம் பெருங்கூட்டம்! அதுவும் எனக்காக எழுந்து நிற்கும் கூட்டம்! "உட்காருங்கள், உட்காருங்கள்" என்று பெரிய மனிதன்போல் கையைக் காட்டினேன். ஒருவரும் உட்காரவில்லை. அடடா, என்ன அன்பு, என்ன பண்பு என்று கண்கலங்கினேன். அப்போதுதான் கக்கத்தில் ஒரு வட்ட மெத்தையோடு நின்ற பெரியவர் ஒருவர் என் காதருகே குனிந்து கேட்டார்: "தம்பி, டாக்டர் எப்ப வருவாரு?"

வாசலுக்கு ஓடினேன். சுவரொட்டியைப் படித்தேன். அதை எழுதியவன் என் மைத்துனன், என் மனைவியின் தம்பி. கணினிக்கு நிரல் எழுதுவது அவன் தொழில். எதையும் தூய தமிழில் எழுதுவது அவன் வியாதி. என்ன எழுதியிருந்தான் தெரியுமா? "மூலத்தை மூடி வைக்காதீர்! திறந்த மூலமே தீர்வு! கட்டணம் இல்லை! கத்தி இல்லை, கட்டு இல்லை! அனைவரும் வருக!"

சிரிக்காதீர்கள் அம்மா. உங்கள் வீட்டுக்காரரும் அதோ அந்தத் தூணுக்குப் பின்னால்தான் நிற்கிறார்.

பெருமக்களே, அவன் சொன்ன மூலம் வேறு! கணினி என்ன செய்ய வேண்டும் என்று மனிதன் எழுதி வைக்கும் கட்டளைகள் இருக்கின்றனவே, அவற்றுக்கு மூல நிரல் என்று பெயர். அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று திறந்து வைத்தால் அது திறந்த மூலம். "அதுக்கு எதுக்குய்யா கத்தி, கட்டு?" என்று அவனிடம் கேட்டேன். "கட்டற்ற மென்பொருள்னு சொல்ல வந்தேன் மாமா, ஒரு வேகத்துல கத்தியும் சேர்ந்துடுச்சு" என்கிறான். வேகமாம் வேகம்!

ஐயா, கதவைத் திறக்காதீர்கள்! நீலச்சட்டை ஐயா, உங்களைத்தான்! டாக்டர் வரமாட்டார், உண்மைதான். ஆனால் வந்தது வந்துவிட்டீர்கள். எனக்கு உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் இருக்கிறது. பணம் வேண்டாம், பரிசு வேண்டாம், பொன்னாடை வேண்டாம். உங்கள் வீட்டு அழுக்குத் துணி வேண்டும்! இந்தக் கூட்டம் கலைவதற்குள் ஒருவராவது எனக்கு ஓர் அழுக்குத் துணி தராவிட்டால், நாளைக் காலை என் கடையைச் சலவை இயந்திரக் கம்பெனிக்காரனிடம் ஒப்படைக்கிறேன் என்று என் மனைவியிடம் வாக்குக் கொடுத்து, அவளையும் கூட்டி வந்திருக்கிறேன். ஏன்? கேளுங்கள்.

தலைவர் அவர்களே, அந்தக் கதையைச் சொல்லலாமா? தலையை அசைக்கிறார். பக்கவாட்டில்தான் அசைக்கிறார். அசைந்ததே எனக்கு அனுமதி!

ஒருநாள் நம் தலைவர் மூச்சிரைக்க என் கடைக்குள் ஓடி வந்தார். மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். வருகிற வழியில் கால்சட்டை மேல் தேநீரைக் கொட்டிக்கொண்டார். எந்த இடத்தில் கொட்டிக்கொண்டார் என்பதை அவை நாகரிகம் கருதித் தவிர்க்கிறேன். "ஏம்ப்பா, சீக்கிரம் தொவச்சுக் குடுப்பா, மானம் போவுது" என்றார். கால்சட்டையை வாங்கி இயந்திரத்தில் போட்டேன். தலைவருக்கு ஒரு படுக்கை விரிப்பைக் கொடுத்தேன். பூப்போட்ட விரிப்பு. இடுப்பில் சுற்றிக்கொண்டு திரைக்குப் பின்னால் அமர்ந்தார்.

இயந்திரம் சுற்றியது. சுற்றிய இயந்திரம் சட்டென்று நின்றது. நின்ற இயந்திரத்தின் திரையில் எழுத்து ஓடியது: "எங்கள் நிபந்தனைகள் மாறியுள்ளன. ஏற்கிறீர்களா?" கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் "ஏற்கிறேன்." மற்றதில் "பிறகு ஏற்கிறேன்." மாட்டேன் என்று சொல்ல ஒரு பொத்தான் உண்டா? தேடினேன், தேடினேன், இயந்திரத்தின் முதுகுப்புறம் வரை தேடினேன். இல்லவே இல்லை! சரி, தொலையட்டும் என்று ஏற்றுக்கொண்டேன். அடுத்த வரி வந்தது: "நன்றி. கதவு திறக்கும் வசதி உங்கள் திட்டத்தில் இல்லை."

கேட்டீர்களா அநியாயத்தை! மூடுவது இலவசம், திறப்பது தனிச் சந்தாவாம்! உள்ளே தலைவரின் கால்சட்டை, வெளியே தலைவர். கண்ணாடி வழியாக அதுவும் அவரைப் பார்க்கிறது, அவரும் அதைப் பார்க்கிறார்.

கம்பெனிக்குத் தொலைபேசியில் பேசினேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு குரல் சொல்லிச் சொல்லி, இசை கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு பெண்மணி வந்தார்.

"மேடம், கதவு தொறக்க மாட்டேங்குது."

"அது உங்க பிளான்ல இல்ல சார்."

"மெஷின நான்தானே வாங்குனேன்?"

"மெஷின் உங்களோடதுதான் சார். உள்ள ஓடுற மென்பொருள் எங்களோடது. அத யூஸ் பண்ண உங்களுக்கு அனுமதி மட்டும்தான் குடுத்திருக்கோம்."

"சரி மேடம், அப்ப உள்ள கெடக்குற கால்சட்டை யாரோடது?"

"கேட்டுச் சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டார். இன்றுவரை கேட்டுக்கொண்டே இருக்கிறார்!

அதோடு போயிற்றா? அந்தக் கறை எங்கே இருந்தது என்பதை இயந்திரம் பார்த்திருக்கிறது. பார்த்ததை மேலிடத்துக்குச் சொல்லியிருக்கிறது. மேலிடம் தானாக ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. அன்று முதல் தலைவரின் கைப்பேசியைத் திறந்தால் பெரியவர்களுக்கான டயப்பர் விளம்பரம்! தலைவரே, கோபித்துக்கொள்ளாதீர்கள், அது தேநீர்தான் என்பதை நான் எந்த நீதிமன்றத்திலும் சொல்வேன்.

பெருமக்களே, இந்த இடத்தில் என் நெஞ்சு கொதிக்கிறது. கடன்பட்டு வாங்கியவன் நான்! கரண்ட் பில் கட்டுபவன் நான்! சோப்பு போடுபவன் நான்! சுற்றச் சொல்ல மட்டும் யாரோ, நிறுத்தச் சொல்ல மட்டும் யாரோ, திறக்கச் சொல்ல மட்டும் யாரோவா? என் கடையில் எனக்குத் தெரியாமல் எனக்கொரு முதலாளியா? எங்கிருந்தோ ஒருவன் விரல் அசைத்தால் இங்கே ஒரு தலைவர் பூப்போட்ட விரிப்போடு நிற்பதா? இதை நாம் பொறுப்பதா?

நன்றி, கைதட்டல் போதும். கையைத் தட்டினால் உடம்பு ஆடும், ஆடினால் வலிக்கும், எனக்குத் தெரியும்.

அப்போது வந்தான் என் மைத்துனன். மடிக்கணினியை விரித்தான். "மாமா, இதே மெஷினுக்கு வேற ஒரு நாட்டுல ஒரு அக்கா மென்பொருள் எழுதி, தொறந்து வச்சிருக்காங்க. அவங்களும் சலவைக்கடைதான். போட்டுப் பாக்கலாமா?" என்றான்.

"அந்தம்மா யாரு, நமக்கு என்ன வேணும்?"

"யாரோ. ஆனா எழுதுனத முழுசாப் படிக்கலாம் மாமா. கம்பெனி எழுதுனது பூட்டி வச்சிருக்கு. எத நம்புவீங்க?"

போட்டான். கதவு திறந்தது. ஆனால் ஒரு கதவல்ல. கடையிலிருந்த அத்தனை இயந்திரங்களின் கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன! அத்தனையிலும் தண்ணீர்! அத்தனையிலும் நுரை! நுரை பொங்கி, நுரை புரண்டு, நுரை தெருவெங்கும் தவழ்ந்தது. அந்த நுரையின் நடுவே, பூப்போட்ட விரிப்போடு, ஒரு கையில் ஈரக் கால்சட்டையும் மறு கையில் மானமுமாக, வழுக்கியபடியே தெருவுக்கு வந்து சேர்ந்தார் நம் தலைவர். எதிரே யார் வந்தார்கள்? பெண் பார்க்க வந்தவர்கள்! வாழ்க்கையில் முதல்முறையாகச் சம்பந்தியைப் பார்க்கிற அழகா அது? இருந்தும் மாப்பிள்ளை வீட்டார் விழுந்து விழுந்து சிரித்ததில் சம்பந்தம் அன்றே முடிந்தது என்பது வேறு விஷயம்.

சரி, தவறு நடந்தது. தவறு நடந்ததும் என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். மைத்துனன் நடந்ததை அந்த அக்காவுக்கு எழுதினான். மறுநாளே பதில் வந்துவிட்டது. "மன்னிக்கணும். ஒரு அடைப்புக்குறி போட மறந்துட்டேன். சரி பண்ணிட்டேன், எல்லாருக்கும் குடுத்துட்டேன். தலைவர் நல்லா இருக்காரா?"

பெருமக்களே! தலைவர் நல்லா இருக்காரா! இந்த மூன்று சொல்லைப் படித்துவிட்டு, நம் இரும்புக்கடை அதிபர், கடப்பாரையைக் கண்ணாலேயே வளைப்பவர், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதார். கம்பெனியிலிருந்து யாராவது கேட்டார்களா? டயப்பர் அளவு மட்டும் கேட்டார்கள்!

அதன்பிறகு இயந்திரங்கள் எல்லாம் எனக்குக் கட்டுப்பட்டு ஓடின. கம்பெனிக்கு மூக்கின்மேல் கோபம். தெருவில் இருக்கிற கம்பம் ஒன்று விடாமல் கம்பெனிக்காரன் தாள் ஒட்டினான்: "அங்கீகாரம் இல்லாத மென்பொருள்! உங்கள் ஆடைக்கு ஆபத்து!" அன்றோடு வாடிக்கையாளர் வரவு நின்றது. நேற்று வரை சட்டை கொடுத்தவர் எதிர்ப்பக்கமாக நடந்து போகிறார். கிழிந்ததா ஒரு சட்டை? கரைந்ததா ஒரு பொத்தான்? கேட்பார் இல்லை. காலி இயந்திரங்களைத் துடைத்துக்கொண்டே நேற்று என் மனைவி சொன்னாள்: "ஏங்க, கம்பெனிக்காரன் கடையக் கேக்குறான். குடுத்துட்டு அவன்கிட்டயே வேலைக்குச் சேந்துடலாமா?" எனக்குப் பேச்சே வரவில்லை. எனக்கே பேச்சு வரவில்லை என்றால் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள்.

அதனால்தான் இந்தக் கூட்டம். வந்தது நீங்கள். முதலில் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் இங்கே நின்று உங்கள் முகங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று விளங்குகிறது. என் மைத்துனன் தப்பாக எழுதவில்லை!

எந்த மூலமாக இருந்தால் என்ன? மறைத்து வைத்ததால்தானே வளர்ந்தது! வெட்கப்பட்டதால்தானே வலித்தது! வீட்டுக்காரியிடம் சொல்லவில்லை, வைத்தியரிடம் காட்டவில்லை, "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று ஒரு பக்கமாகவே உட்கார்ந்து உட்கார்ந்து, இன்று உட்காரவே முடியாமல் நிற்கிறீர்கள். கம்பெனியும் அதைத்தானே செய்கிறது? உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட மாட்டேன் என்கிறது. புண் இருந்தாலும் மூடு, புழு இருந்தாலும் மூடு, கேட்டால் வாடிக்கையாளர் பாதுகாப்பு என்று சொல்லு! அந்த அக்கா எழுதியதிலும் தவறு இருந்தது. ஆனால் திறந்து கிடந்தது. நாலு பேர் பார்த்தார்கள். மறுநாளே ஆறிவிட்டது.

ஆகவே அடித்துச் சொல்கிறேன், மூலத்தைக் காட்டாதவனை நம்பாதீர்! காட்டுகிறவனைக் கேலி செய்யாதீர்! காட்ட வேண்டிய இடத்தில் காட்ட வெட்கப்படாதீர்! என்ன தாயே, இப்போதே இங்கேயே வேண்டாம் என்கிறீர்களா? வேண்டாம், வேண்டாம், நான் பொதுவாகச் சொன்னேன்.

என்ன பெரியவரே, கையைத் தூக்குகிறீர்கள்? டாக்டர் வரமாட்டார் என்று அப்போதே சொன்னேனே. சத்தமாகச் சொல்லுங்கள். என்ன?

"தம்பி, டாக்டர் கெடக்கட்டும். இந்த மெத்தைக்கு உறை தொவைக்கணும். வீட்ல குடுக்க வெக்கமா இருக்கு. உன் கடையில தொவைப்பியா?"

...கொஞ்சம் பொறுங்கள். தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

துவைப்பேன் ஐயா! துவைத்து, உலர்த்தி, தேய்த்துத் தருகிறேன் ஐயா! அடடா, பின்னால் இன்னொரு மெத்தை. தூணுக்குப் பின்னாலும் ஒன்று. நீலச்சட்டை ஐயா, உங்களுக்குமா? எங்கே மறைத்து வைத்திருந்தீர்கள் இத்தனையையும்! தலைவர் பொத்தானை அவிழ்க்கிறார். தலைவரே, உங்கள் ஆதரவு தெரியும், வீட்டுக்குப் போய் அவிழ்த்து அனுப்புங்கள்! அடியே, அங்கே நின்று அழாதே, வந்து மெத்தைகளை வாங்கிக்கொள். நாளைக்கு நாம் கடையைத் திறக்கிறோம்.

தலைவர் கடிகாரத்தைத் தட்டுகிறார். நின்றே கேட்ட நெஞ்சங்களுக்கு நன்றி. சுவரொட்டி எழுதிய மைத்துனனுக்கு நன்றி. வீட்டுக்கு வா, உனக்கு இருக்கிறது. முகம் தெரியாத அந்த அக்காவுக்கு ஒரு வரி எழுதப் போகிறேன், எங்கள் தலைவர் நன்றாக இருக்கிறார் என்று. அடுத்த முறை நாம் சந்திக்கும்போது நீங்கள் அனைவரும் சுகமாக உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று உளமார வாழ்த்தி, வணக்கம் கூறி, மெத்தைகளோடு விடைபெறுகிறேன்.