ஒருவரை நம்பவைக்கும் மோதிரம்

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் பகல் சாப்பாடு பிந்தும், சேர். எல்லாம் அங்கேயிருந்துதான் தொடங்கியது. ஜும்ஆத் தொழுகை முடிந்து சாய்ந்தமருதில் வீட்டுக்கு வந்து, உம்மா சோறு போட்டு, நான் சாப்பிட்டுக் கைகழுவிக் கல்முனைக்குப் போய்ச்சேரும்போது மற்றவர்கள் வந்து இருந்துவிடுவார்கள். என் கூட்டாளி ஜதுசனுக்கு இந்தக் கரைச்சல் இல்லை. ஆலையடிவேம்பிலிருந்து பத்து மணி பஸ்ஸிலேயே ஏறிவிடுவான்.

நாங்கள் கூடுவது ஒரு விளையாட்டுக்கு. சூது இல்லை. மேசையைச் சுற்றி நான்குபேர் இருந்து ஒரு கதையைச் சொல்லிச் சொல்லியே விளையாடுவோம். மேர்சியா டீச்சர் கதையை நடத்துவார். பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிப்பவர், மெதடிஸ்த கோயிலுக்குப் போகிறவர். மற்ற மூவரும் கதைக்குள்ளே ஆளுக்கொரு பாத்திரம் எடுப்போம்: வாள்வீரன், கள்வன், மந்திரவாதி. வென்றோமா தோற்றோமா என்பதைப் பகடை சொல்லும். உங்கள் சார்ஜன்ட் சிரிக்கிறார். சிரிக்கட்டும். முப்பத்துநாலு வயதில் மருந்துக்கடையில் நிற்கிற ஒருவன் இதைச் சொன்னால் நானும் சிரிப்பேன்.

போன கதையில் ஜதுசன்தான் மந்திரவாதி. நான் வாள்வீரன். முதல் மாதத்திலேயே கிணற்றுக்குள் விழுந்து செத்துப்போனேன். எதிரி எவனும் தள்ளவில்லை, தண்ணீர் அள்ளப் போய் விழுந்தேன். பிறகு கதை முடியும்வரை ஜதுசனுடைய கோவேறு கழுதையாக விளையாடினேன். கழுதைக்கும் பகடை உருட்டலாம் என்று டீச்சர் இரக்கப்பட்டுச் சொன்னார்.

புதுக்கதை தொடங்க முன்னர் டீச்சர் சொன்னார்: "மந்திரவாதிக்கு ஒரு மந்திரப் பொருள் தருவன். ஆனா ஒராள்தான் மந்திரவாதி. வாற வெள்ளி ஆர் முதல் வந்து பொருளச் சொல்லுறீங்களோ, அவருக்குத்தான்."

பொருட்கள் நாலைந்து இருந்தன. நெருப்புக் கக்கும் கோல். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் மெதுவாக இறக்கிவிடும் இறகு. யானையையே போட்டுக் கட்டலாம் என்ற ஒரு பை. கடைசியில் ஒரு மோதிரம். அதைப் போட்டிருப்பவன் நாளுக்கு ஒரு தடவை, ஒருவரிடம், ஒரு வசனம் சொல்லலாம். கேட்டவர் அதை நம்புவார்.

அந்தக் கிழமை முழுவதும் நான் அதே யோசனையில் இருந்தேன். எனக்குப் பெண் பார்த்த காலத்தில்கூட அப்படி யோசிக்கவில்லை, அதனால்தானோ என்னவோ அது சரிவரவுமில்லை. கிணற்று அனுபவத்தால் இறகின்மேல் ஒரு கண் இருந்தது. ஆனாலும் மோதிரம்தான் என்று முடிவெடுத்தேன். காரணம், என்னை ஒருவரும் நம்புவதில்லை. சாப்பிட்டேன் என்று சொன்னால் உம்மா பானையைத் திறந்து பார்ப்பார். கடையில் நான் மருந்தை எடுத்துக்கொடுத்தால், வாங்குகிறவர் அடுத்த ஆளிடம் காட்டி, "இது சரிதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். பனடோல் என்றாலும் அப்படித்தான்.

ஜதுசன் அப்படியில்லை. வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். அவன் சொன்னால் சனம் கேட்கும். அவனுக்கு மோதிரம் எதற்கு? அவனோ கோலைத்தான் எடுக்கப்போவதாகச் சொல்லித் திரிந்தான். ஒரு மந்திரவாதியை நெருப்புப்பெட்டியாக்கி வீணடிப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இதில் நியாயம் இருக்கிறது என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஆகவே வெள்ளிக்கிழமை காலையில் அவனுக்குக் கோல் எடுத்தேன். தொலைபேசிக் கோல், சேர்.

"மச்சான், இண்டைக்கு கல்முனப் பக்கம் வராத. உங்கட ஆக்களுக்கும் எங்கட ஆக்களுக்கும் பிரச்சினையாம். கடையெல்லாம் பூட்டுறாங்க."

"மெய்யாவா?"

"நான் கண்ணால கண்ட."

"நீ கவனமா இரு. வெளியில போகாத," என்றான்.

காய்ச்சல் என்று சொல்லலாமே, டீச்சர் வரவில்லை என்று சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். காய்ச்சல் என்றால் அவன் பார்க்க வருவான். டீச்சர் வரவில்லை என்றால் அவரிடமே கேட்பான். தமிழரும் முஸ்லிம்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இந்தக் கரையில் யாரும் திருப்பிக் கேட்காமல் நம்புகிற வசனம் ஒன்றுதான் இருக்கிறது. அதை நான் உண்டாக்கவில்லை, எடுத்துப் பாவித்தேன்.

பிறகு கைகால் கழுவி உளூச் செய்து பள்ளிக்குப் போனேன். அன்று தொழுகையில் மனம் நன்றாக ஒன்றியது. சாப்பிடாமலே கல்முனைக்குப் போனேன்.

நாங்கள் கூடும் அறை ஒரு துணிக்கடைக்கு மேலே இருக்கிறது. டீச்சர் மட்டும்தான் வந்திருந்தார். காதில் போன்.

"டீச்சர், நான்தான் முதல். மந்திரவாதி. மோதிரம்."

"ஓம் ஓம், எடுங்க," என்றார் என்னைப் பாராமல். "ஜுனைட், றோட்டுல என்ன நடக்குது? அம்மா அழுறா. என்னை வீட்ட வரட்டாம்."

ஜதுசன் நல்லவன். அதுதான் பிரச்சினை. தான் போகாமல் நின்றதோடு விடாமல், தன் ஊர்ச் சனத்துக்குக் குரல்பதிவு போட்டிருக்கிறான்: கல்முனைக்கு ஒருவரும் போகாதீர்கள், போனவர்களைக் கூப்பிடுங்கள் என்று. டியூஷனுக்கு வந்த பிள்ளைகளைத் தாய்தகப்பன் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். அவர்கள் ஓடுவதைக் கண்டு எங்கள் ஆட்கள் பயந்தார்கள். நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே கடைகளின் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக இறங்கின. சரியாகப் பார்த்தால், அந்த நேரத்திலிருந்து நான் சொன்னது பொய்யில்லை.

எங்கள் நான்காவது ஆள் ஷிப்லி மருதமுனைக்காரன். அவனுடைய மாமா சீனிமுகம்மது, முச்சக்கர வண்டியில் சாரத் துணிகளை மூட்டைகட்டிக்கொண்டுபோய் ஊர் ஊராக விற்பவர். அன்று அவர் ஆலையடிவேம்பில் நின்றார். ஷிப்லி பயந்து அவருக்குப் போன் செய்திருக்கிறான்: "மாமா, அடிக்கிறாங்களாம், உடன வெளிக்கிட்டு வாங்க." அவரை ஒருவரும் தொடவில்லை, சேர். சந்தியில் நின்ற பொடியன்கள் பாதை சொல்லக் கைகாட்டினார்கள். அவர் அதை வேறுமாதிரி விளங்கிக்கொண்டு வண்டியை வெட்டித் திருப்பினார். வண்டி வாய்க்காலுக்குள் கவிழ்ந்து அவருக்கு மேலேயே விழுந்தது.

குதித்துத் தூக்கியது ஜதுசன்.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜதுசன் சேறு காய்ந்த உடுப்போடு நின்றான். மாமாவுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஷிப்லி சுவரோடு குந்தியிருந்து, "நான்தான் மாமாவ அவசரப்படுத்தின," என்று சொல்லிச் சொல்லி அழுதான். ஜதுசன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நல்ல காலம் மச்சான், நீ நேரத்தோட சொன்னாய். நான் பஸ்ஸில ஏறியிருந்தா இவரைத் தூக்க அங்க ஆளில்ல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்ல," என்றேன். ஒருவர் எனக்கு அப்படி நன்றி சொல்லி வெகுகாலம். மறுத்துப் பேச மனம் வரவில்லை.

இப்போது அவனைப் பக்கத்து அறையில் வைத்திருக்கிறீர்கள். குரல்பதிவு அவனுடையதுதான். ஒரு கூட்டாளி சொன்னதாகச் சொல்கிறானாம், பெயரைச் சொல்ல மறுக்கிறானாம். ஷிப்லி வந்து, ஜதுசனைப் பொலிஸ் பிடித்ததைச் சொன்னபோது நான் கடையில் இருமல் பாணி ஊற்றிக்கொண்டு நின்றேன். ஊற்றி முடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அந்தக் கூட்டாளி நான்தான். கல்முனையில் அன்று காலை எதுவும் நடக்கவில்லை. நான் எதையும் காணவில்லை. ஒரு விளையாட்டில், இல்லாத ஒரு மோதிரத்துக்காகச் சொன்னேன். ஆனால் ஒரே ஒருவனிடம்தான் சொன்னேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் சனம் தங்களுக்குள் சொல்லிக்கொண்டது.

ஜதுசனை விட்டுவிடுங்கள், சேர். சீனிமுகம்மது மாமா வீட்டுக்கு வந்த பிறகு, டீச்சரும் மனம் ஆறிக் கதையைத் தொடங்குவார் என்றுதான் நினைக்கிறேன். மந்திரவாதி நான் என்று அவர் சொல்லிவிட்டார். எனக்கு முன்னால் நிற்க ஒரு வாள்வீரன் வேண்டும். என்னை நம்பி நிற்கக்கூடியவன் அவன் ஒருவன்தான்.