தலிசாய்க்குப் போகும் வழி

சஞ்சயன், அந்தப் போனைக் கவிழ்த்து வை. இந்தக் கதையே ஒரு போனால் வந்த வினைதான்.

நடந்தது என் சிநேகிதி விதுஷாவின் மச்சாள் பெனிற்றாவுக்கு. இரவு பதினொரு மணி... விம்பிள்டன் பக்கம், டிராம் பாதையோரமாக ஒரு ஒழுங்கை. ஆள் நடமாட்டமில்லை. பின்னால் ஈரச் செருப்புச் சத்தம். சளக்... சளக். உருகிய மெழுகின் மணம். திரும்பிப் பார்த்தாள். எவருமில்லை.

அவளுக்குக் குரோய்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. கூட வேலை செய்யும் இசபெல்லின் ஊர் பிலிப்பைன்ஸில் ஒரு பட்டிக்காடு. ஒரு தேவாலயம், ஒரு சந்தை, மலைக்கு ஏறும் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிராமங்கள். கடைசிக் கிராமத்தில் அவளுடைய அப்பா இறந்துவிட்டார். லீவு கிடைக்கவில்லை. அண்ணன் வீடியோவில் செத்தவீட்டைக் காட்டிக்கொண்டிருந்தான். இடையில் இல்லத்து முதியவர் ஒருவர் உதவிக்கு மணி அடிக்க, இசபெல் போனைப் பெனிற்றாவின் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். நெடுநேரம் போனில் செத்த கிழவரின் முகத்தைப் பார்த்தபடி தனியாக நின்றது பெனிற்றாதான்.

போகும்போது இசபெல் சொன்னாள்: "நேரே வீட்டுக்குப் போகாதே. வழியில் எந்தக் கடைக்காவது போய்விட்டுப் போ. இல்லாவிட்டால் அவர் கூடவே வருவார்."

"போனிலை பார்த்ததும் செத்தவீடோ?" என்று பெனிற்றா சிரித்தாள். வீட்டில் மகள் ஷானாவுக்குக் காய்ச்சல். நேரே போனாள். அந்த ஒழுங்கையில் செருப்புச் சத்தம் கேட்டது அப்போதுதான். முழுகவும் இல்லை. நம்மவர்கள் செத்தவீட்டுக்குப் போய்வந்து முழுகாமல் படி ஏறுவார்களா? போன் என்றதும் எல்லாம் மறந்துபோகிறது.

அன்றிரவு காய்ச்சலில் பிள்ளை முனகியது. "சான் ரோக்கே..." மறுநாள், "பந்தாவ்..." அதற்கு அடுத்த இரவு, "லுயோங்..." டாக்டர் பனடோல் கொடுக்கச் சொன்னார். இசபெல்லிடம் கேட்டபோது அவள் முகம் வெளிறிவிட்டது.

"எங்கள் கிராமங்கள். வரிசை மாறாமல் சொல்கிறாள்."

"லுயோங்குக்குப் பிறகு?"

"தலிசாய். அதுதான் கடைசி. அப்பாவின் வீடு அங்கேதான், அவரைப் புதைத்ததும் அங்கேதான்."

அன்றிரவு பெனிற்றா எல்லா லைட்டையும் போட்டுவிட்டுப் பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். "நித்திரை கொள்ளாதை குஞ்சு, அம்மாவைப் பார்." பிள்ளையைப் பறிகொடுத்துவிடுவேனோ என்ற பயம். விடியப்போகும் நேரத்தில் தன்னையறியாமல் ஒருதரம் கண்ணயர்ந்தாள்...

பதறி எழுந்தால், காய்ச்சல் இல்லை! பிள்ளை எழுந்திருந்து, "பசிக்குது" என்றது. பெனிற்றா அதைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டாள்.

பின்னேரம் இசபெல் வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே போனை நீட்டினாள். அங்கே அப்போது நடுச்சாமம். அப்பாவின் வீட்டுக் கதவை யாரோ தட்டுகிறார்களாம். பேசுவது எவருக்கும் விளங்கவில்லையாம். திறக்கப் பயந்து, அண்ணன் போனைக் கதவோடு பிடித்திருந்தான்.

மழை. நாய் குரைப்பு. சின்னக் கை ஒன்று பலகையில் தட்டும் சத்தம்...

"அம்மா... கதவைத் திறவுங்கோ... நான் ஷானா... காலெல்லாம் முள்ளுக் குத்துது..."

குசினியில் பாண் தின்றுகொண்டிருந்த பிள்ளை, மெல்லுவதை நிறுத்தியது.