ஞானசேகரன் நினைவு உதவித்தொகை

ஞானசேகரன் சாரின் கையெழுத்தைப் போல அழகான கையெழுத்தை நான் கடலூர் மாவட்டத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை. மற்றதையெல்லாம் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அவர்மேல் பொறாமை என்று ஒரு பேச்சு ஊருக்குள் உலவுகிறது. பொறாமைப்படுகிறவன் முதல் வரியிலேயே பாராட்டுவானா? விசாரணைக் குழுத் தலைவர் ராஜமாணிக்கம் ஐயா இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

2008 ஜனவரியில் சிதம்பரத்தில் நடந்த பன்னாட்டு மாணவர் அறிவியல் கண்காட்சி தங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள்கூடப் பரிசளிப்பு விழாவுக்கு வந்திருந்தீர்கள். ஏழு நாட்டுப் பிள்ளைகள், நான்கு நாள். டென்மார்க்கில் இருக்கும் தலைமைக் கழகம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வோர் ஊரில் நடத்துவது அது. இங்கே சம்பளம் இல்லாமல் பொறுப்பேற்ற ஒருங்கிணைப்பாளர்கள் இரண்டு பேர். கடலூரில் இயற்பியல் ஆசிரியராக இருந்த ஞானசேகரன் ஒருவர். புவனகிரியில் வேதியியல் நடத்தும் சுப்புராயனாகிய நான் மற்றொருவன்.

வேலையை நியாயமாகப் பிரித்துக்கொண்டோம். டென்மார்க்குக்குக் கடிதம் எழுதுவது அவர் வேலை. மிச்சம் என்னுடையது. மிச்சம் என்றால் பந்தல், பஸ், கொசுவலை, கழிப்பறை, கொரியாவிலிருந்து வந்த பிள்ளைகளுக்குக் காரமில்லாத சாம்பார். மிளகாயைக் குறைக்கச் சொல்லி சமையல்காரரிடம் நான் மன்றாடினேன். அவர் பெருந்தன்மையாகக் குறைத்துவிட்டு, குறைந்ததற்கு ஈடாக மிளகை அள்ளிப் போட்டார். அழுத பிள்ளைகளுக்கு மோர் கொடுத்து ஆற்றியதும் நான்தான்.

கண்காட்சி முடிந்ததும் தலைமைக் கழகச் செயலாளர் இங்ரிட் அம்மாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. “அன்புள்ள ஞானா” என்று தொடங்கி முழுப் பக்கம் பாராட்டு. கடைசியில், “சாப்பாட்டைக் கவனித்த உங்கள் நண்பருக்கும் நன்றி.” நண்பருக்குப் பெயர் இல்லை. எனக்கு அதில் வருத்தம் எதுவும் கிடையாது. அதை அச்செடுத்து நான்கு ஆண்டுகளாகச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஏப்ரலில் அடுத்த மின்னஞ்சல். 2010இல் கோபன்ஹேகனில் நடக்கும் கண்காட்சிக்கு நம் ஊரிலிருந்து ஒருவர் நடுவராக வர வேண்டும், ஞானா வருவாரா? ஒரே ஓர் இடம். இரண்டு பேர் உழைத்த இடத்துக்கு ஒரு நாற்காலி அனுப்புவது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஞானசேகரன் சாருக்கு மஞ்சள் காமாலை. மனைவி அமிர்தத்தோடு காட்டுமன்னார்கோயிலில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய், கீழாநெல்லியும் பத்தியமுமாகப் படுத்துக்கிடந்தார். எங்கள் இருவருக்கும் பொதுவான மின்னஞ்சல் முகவரி ஒன்றுதான். நான் பிரவுசிங் சென்டருக்குப் போகும்போதெல்லாம் இங்ரிட் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். ஞானா, ஏன் பதில் இல்லை? ஞானா, நலம்தானே?

பதில் போடாமல் இருப்பது மரியாதை இல்லை. என்ன எழுதலாம் என்று யோசித்தேன். உடம்பு சரியில்லை என்றால் காத்திருப்பார்கள். வர விருப்பமில்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். எப்படி எழுதினாலும் திரும்ப ஒரு கேள்வி வரும். திரும்பக் கேள்வி வராத காரணம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. நான் அறிவியல் ஆசிரியன். ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தேனே தவிர, கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

அத்தாட்சி இல்லாமல் வெறும் வாயால் சொல்வதும் தவறு. அதனால் கடலூரில் பேனர், போஸ்டர் அடிக்கிற சிங்காரத்திடம் போய், ஞானசேகரன் சாரின் படத்தையும் என் படத்தையும் கொடுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்று அடிக்கச் சொன்னேன்.

சிங்காரம் பதறிப்போனான். “எப்ப சார்? போன மாசம்கூட கடைக்கு வந்தாரே, நல்லாத்தான இருந்தாரு?”

“மஞ்சள் காமாலை” என்றேன். அதில் பொய் இல்லை.

“எத்தினி காப்பி சார்?”

“ஒண்ணு போதும்.”

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு அப்போது புரியவில்லை. நான் என் ஒரு காப்பியை வாங்கிப் போய், படம் எடுத்து, டென்மார்க்குக்கு அனுப்பிவிட்டேன். மேலே கண்ணிலிருந்து சொட்டும் ஒரு துளி, நடுவில் சிரித்த முகமாக அவர், கீழே கைகூப்பியபடி நான். மறுநாள் கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், சுவரெல்லாம் அதே போஸ்டர். சிங்காரத்திடம் ஓடினேன்.

“அஞ்சலிக்கு ஒரே ஒரு போஸ்டரு யாராச்சும் அடிப்பாங்களா சார்? உங்க கையில வசதி இல்லனு நெனச்சிக்கினேன். நம்ம சாருக்கு இதுகூடச் செய்யலன்னா எப்படி? அம்பது என் செலவு. பசங்களே ஒட்டிட்டானுங்க.”

அவன் கண் கலங்கியிருந்தது. அப்படிப்பட்ட மனிதனை எப்படிக் கடிந்துகொள்வது?

அன்று பூட்டிக்கிடந்த ஞானசேகரன் வீட்டு வாசலில் பதினோரு மாலைகள் கிடந்ததாகக் கேள்வி. அவர் படித்த பள்ளியில் ஒரு நிமிடம் மௌனமாக நின்றிருக்கிறார்கள். மூன்றாம் நாள் அவரே பஸ்ஸில் வந்து இறங்கி, தன்னுடைய போஸ்டருக்கு எதிரே நின்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாராம். நேராக என்னிடம் வந்தார்.

தவறான தகவல் வந்தது, நான் நிலைகுலைந்துபோய்விட்டேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு ஒண்ணுன்னா அம்பது போஸ்டர் அடிக்கிறதுக்கு ஒரு ஆள் இருக்கீங்களே சார்” என்றார். அவர் அப்படிப்பட்டவர். அவரோடு வேலை செய்வது எவ்வளவு சிரமம் என்பது உங்களுக்கு இப்போது ஓரளவு புரிந்திருக்கும்.

“டென்மார்க்குக்கும் சேதி போயிருக்குமோ? நான் உசுரோட இருக்கேன்னு இன்னிக்கே எழுதிப் போட்டுடறேன்” என்றார்.

அவரை உட்காரச் சொன்னேன். இங்ரிட் அம்மாவின் பதில் முந்தைய நாளே வந்திருந்தது; அதைப் படித்துக் காட்டினேன். ஞானாவுக்குப் பதிலாக நான் நடுவராக வர வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார்கள். அதோடு, ஆண்டுக்கு ஒரு மாணவர் நம் மாவட்டத்திலிருந்து டென்மார்க் ஆய்வகத்துக்குப் போய் மூன்று மாதம் பயிற்சி பெறலாம், அதற்கு ஞானசேகரன் நினைவு உதவித்தொகை என்று பெயர், முதலில் வெண்மதியை அனுப்பலாம் என்றும் இருந்தது. குமராட்சிப் பக்கம் கூலி வேலைக்குப் போகிறவர்களின் மகள் வெண்மதி. கொள்ளிடத்தில் வெள்ளம் ஏறினால் தானாக மணியடிக்கிற கருவியை கண்காட்சிக்காக ஒரு பிளாஸ்டிக் குடத்தை வைத்துச் செய்திருந்தாள். அந்தப் பெண்மேல் ஞானசேகரனுக்கு அவ்வளவு பெருமை.

“யோசிச்சுப் பாருங்க சார். நினைவு உதவித்தொகை. நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சா, நினைவு எங்க இருக்கும்? உதவித்தொகை எங்க இருக்கும்?” என்றேன்.

யோசித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். “அந்தப் புள்ள போவட்டும் சார். இங்க எல்லாருக்கும் நான் இருக்கறது தெரியும். டென்மார்க்குலதான செத்துருக்கேன்? நான் அங்க போய் என்னா ஆவப்போவுது?”

இப்படித்தான் அவர் சம்மதத்தோடு எல்லாம் நடந்தது. சம்மதம் என்ற சொல்லைத் தயவுசெய்து அடிக்கோடிடவும்.

என் ஆங்கிலம் சுமார்தான். ஆண்டுதோறும் தலைமைக் கழகத்துக்கு அனுப்பும் நினைவு அறிக்கையை அவரே தன் அழகான கையெழுத்தில் எழுதித் தருவார். நான் தட்டச்சு செய்து என் பெயரில் அனுப்புவேன். 2010இல் கோபன்ஹேகனில் நான் படித்த இரங்கல் உரையும் அவர் எழுதியதுதான். ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்று நான் சேர்க்கச் சொன்னேன். “அது கொஞ்சம் ஜாஸ்தி சார்” என்று அடித்துவிட்டார். அங்கே முந்நூறு பேர் எழுந்து நின்றார்கள்.

உதவித்தொகை பெற்றுப் போகும் பிள்ளைகளுக்கு மட்டும் கொஞ்சம் பயிற்சி தர வேண்டியிருந்தது. யாராவது கேட்டால், சார் காலமாகிவிட்டார் என்று சொல்ல வேண்டும். வெண்மதி மாட்டேன் என்று அழுதாள். ஞானசேகரனையே கூட்டிவந்து, “சொல்லும்மா, ஒண்ணும் ஆவாது, நான்தான் சொல்றேன்ல” என்று சொல்ல வைத்தேன். அவர் எதிரில் நின்று அவள் அதை மூன்று முறை சொல்லிப் பழகினாள். டென்மார்க்கில் சொல்லும்போதும் அழுதிருக்கிறாள். துக்கத்தில் அழுகிறாள் என்று அவர்கள் நினைத்தது நல்லதாகப் போயிற்று.

நான்கு ஆண்டு, நான்கு பிள்ளைகள். யாருக்கு என்ன நஷ்டம்?

போன டிசம்பரில் ‘தானே’ புயல் அடித்தது. பள்ளிக்கூடக் கூரையெல்லாம் பறந்துபோன செய்தி கேட்டு, ஆய்வகச் சாமான்கள் கொடுக்க இங்ரிட் அம்மாவே பிப்ரவரியில் புறப்பட்டு வந்தார். ஞானாவின் மனைவியைப் பார்த்து ஆறுதல் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

ஞானசேகரன் வழக்கம்போல ஒத்துழைத்தார். இரண்டு நாள் காட்டுமன்னார்கோயிலுக்குப் போய்விடுவதாகச் சொன்னார். டென்மார்க்கில் தான் இன்னும் செத்தவர்தான் என்பதை அமிர்தத்திடம் மட்டும் அவர் சொல்லியிருக்கவில்லை. அந்தப் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

இங்ரிட் அம்மா அவர் வீட்டுக்கு வருவதற்கு முதல் நாள் ஒரு சந்தன மாலை வாங்கிக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். சாருடைய படத்துக்கு இந்த மாலையைப் போட்டு ஒரு விளக்கு ஏற்றி வைத்தால் போதும். அப்புறம், அந்த ஒரு மணி நேரம் மட்டும் நெற்றியில் பொட்டு இல்லாமல், தாலியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டு இருந்தால் பொருத்தமாக இருக்கும். பிள்ளைகளின் படிப்பு விஷயம்.

அமிர்தம் சத்தம் போடவில்லை. மாலையை வாங்கி மேசைமேல் வைத்தார்.

“எத்தன மணிக்கு வராங்கண்ணே?”

“பதினோரு மணிக்கும்மா.”

“சரி, நான் பாத்துக்கறேன். நீங்க காப்பி குடிச்சிட்டுப் போங்க.”

காப்பி நன்றாக இருந்தது. எவ்வளவு விவேகமான பெண்மணி என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு இங்ரிட் அம்மாவை அழைத்துப் போனேன். கதவைத் திறந்தவர் ஞானசேகரன். பக்கத்தில் அமிர்தம், பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். கூடத்துச் சுவரில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சந்தன மாலையும் போட்டிருந்தது. படத்தில் கைகூப்பியபடி இருந்தது நான். சிங்காரத்திடம் பழைய படம் இருந்திருக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாகப் பெரிதாக்கி லேமினேஷன் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

“உக்காருங்கண்ணே. ஒரு மணி நேரம்தான்” என்றார் அமிர்தம்.

இங்ரிட் அம்மா ஞானசேகரனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். ஞானசேகரன் தலை குனிந்து, என்னைக் காட்டிக்கொடுக்காமல், வெண்மதிக்காகத்தான் இப்படிச் செய்தேன், மன்னியுங்கள், உதவித்தொகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த உதவித்தொகை நீங்கள் இறந்ததற்காகக் கொடுத்தது இல்லையே ஞானா, கண்காட்சி முடிந்த அன்றே முடிவு செய்தது, நீங்கள் போனபிறகு உங்கள் பெயரை வைத்தோம், அதைத்தான் அன்றைக்கே இவருக்குத் தெளிவாக எழுதினேனே என்றார்.

ஆமாம், எழுதியிருந்தார். இரண்டாம் பத்தி, மூன்றாம் வரி. ஞானசேகரனிடம் படித்துக் காட்டும்போது அந்த வரியை நான் விட்டுவிட்டேன். தவறிப்போய் விடவில்லை. தெரிந்தேதான் விட்டேன். கேட்டீர்கள், எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஏன் என்றும் கேட்டிருந்தீர்கள். அவர் உயிரோடு இருந்தால் நான் சாப்பாட்டைக் கவனித்த நண்பன். அவர் இல்லையென்றால் நான் ஞானாவின் நண்பர் சுப்புராயன். டென்மார்க்கில் எல்லோரும் என் பெயரைச் சரியாகச் சொன்னார்கள். அந்த நான்கு ஆண்டும் அவரைப் பற்றி ஒரு வார்த்தை கெடுதலாக நான் பேசியதில்லை. உயிரோடு இருந்தபோது அவரைப் பற்றி இவ்வளவு நல்லதாக நான் பேசியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

ஞானசேகரன் சார் என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். அன்றைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் அப்படி உயிரோடு வந்து நின்றதற்காக, நானும் அவரை மன்னித்துவிட்டேன்.