அந்தமானில் குளிக்கிற வேலை

மின்விசிறிக் காற்றை எங்களுக்கு விட்டுவிட்டு வியர்வையைத் தான் வாங்கிக்கொண்டு தலைமை வகிக்கும் மாட்டுங்கா சுந்தரராமன் அய்யா அவர்களே, தாராவியிலிருந்தும் திலக் நகரிலிருந்தும் லோக்கல் ட்ரெயினில் நின்றே வந்து இங்கே நாற்காலி கண்ட பெரியோர்களே, கேஸை அணைத்தோமா இல்லையா என்ற கவலையை மறைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, மூன்றாம் வரிசையில் என் முகத்தைப் பார்க்காமல் செல்போனைப் பார்க்கும் தோல்பை ஒர்க்‌ஷாப் ஷகீல் அவர்களே, நாகூர் மீரானின் சலாமும் வணக்கமும்.

சுவரைப் பாருங்கள். ஷகீலின் மகள் சஃப்ரீன், கடல் உயிர்களைப் பற்றிப் படித்த பெண், மால்வணிலும் லட்சத்தீவிலும் எடுத்த படங்கள் அவை. அந்தச் சிவப்பு இறாலைப் பாருங்கள். சிவப்பென்றால் எந்தச் சிவப்பு? கொவ்வையின் சிவப்பா, குங்குமத்தின் சிவப்பா? முதுகில் ஒரு வெள்ளைக் கோடு, முகத்தில் வெள்ளை மீசை. களவா மீனின் வாய்க்குள் நுழைந்து அது பல் சுத்தம் செய்கிறது. விழுங்க வல்லவன் வாயைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறான். விழுங்கத் தக்கவன் வேலையை முடித்து வெளியே வருகிறான். பக்கத்திலே பாருங்கள், பாசியையும் பஞ்சையும் முதுகில் ஒட்டிக்கொண்டு மாப்பிள்ளை ஊர்வலம் போகும் நண்டு. அதற்கும் பக்கத்தில் ஊதாவும் மஞ்சளுமாய் ஓடில்லாத ஒரு நத்தை, கட்டை விரல் நகத்தளவு.

என்ன தம்பி? வறுத்தால் நன்றாயிருக்குமா என்கிறீரா? முதலில் கண்ணால் தின்னும்.

படத்தின் கீழே எழுதியிருப்பதை என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. படத்தில் இருப்பவர்களைத் தெரியும். பதினாலு வயது முதல் இருபத்தாறு வயது வரை கீழக்கரைக் கடலில் சங்கெடுத்தவன் நான். ஒரே மூச்சு, ஆறு பாகம், அதாவது ஆறு ஆள் ஆழம். அறுபத்தெட்டாம் வருடம், மாசி மாதம், வியாழக்கிழமை. கீழே ஒரு வெறும் சங்கு கிடந்தது. எடுக்கக் கை நீட்டினேன். அதற்கு முன்னால் வரிசை நின்றது ஐயா, வரிசை. சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள், பெரியது முதல் சிறியது வரை ஆறு பேர். பெரியவன் புதுச் சங்கில் புகுந்தான். அவன் விட்டதில் அடுத்தவன், அடுத்தவன் விட்டதில் அதற்கடுத்தவன். ஏஜென்ட் இல்லை, டெபாசிட் இல்லை, சண்டை இல்லை. தாராவியில் ஒரு ரூம் மாறிப் பாருங்கள், தெரியும் அதன் அருமை. நான் சங்கை எடுக்கவில்லை. மூச்சு முட்டும் வரை பார்த்துவிட்டு மேலே வந்தேன்.

அப்படிப்பட்ட உலகத்தைக் கணக்கெடுக்க அந்தமானில் ஒரு வருட வேலை. நூற்றுக்கணக்கானோர் எழுதிப் போட்டதில் சஃப்ரீனுக்குக் கிடைத்திருக்கிறது. வருகிறேனா இல்லையா என்று நாளைக் காலை பத்து மணிக்குள் அவள் சொல்லியாக வேண்டும். ஆனால் அவள் வாப்பா அவளோடு பேசி இன்றோடு பன்னிரண்டு நாள். யார் குற்றம்? என் குற்றம். சபையிலே ஒப்புக்கொள்கிறேன்.

அன்று அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "தாத்தா, டைவிங் பண்றதுக்குத் தமிழ்ல க்யா போல்தே? வாப்பாகிட்ட தமிழ்லயே சொல்லணும். இந்தில பேசுனா திட்டுறாங்க."

நான் சொன்னேன்: "குளின்னு சொல்லும்மா. சங்கு குளிக்கிறது, முத்துக் குளிக்கிறது. எங்களுக்குக் குளியாளுன்னுதான் பேரு."

தப்பா? கடலோரத்தில் தப்பில்லை. தாராவியில் தப்பாகிவிட்டது. வீட்டிலே அவள் குளிப்பதற்கு 'நஹானா' என்பாள். குளிப்பது அவளுக்குப் புதுச் சொல். ஷகீலோ பம்பாயில் பிறந்தவர். மகள் படகில் உட்கார்ந்து படமெடுக்கிறாள் என்றே நினைத்திருந்தார். அவருடைய சோற்றுத் தட்டின் முன்னால் இவள் போய் நின்றிருக்கிறாள்.

"வாப்பா, அந்தமான்ல எனக்குக் குளிக்கிற வேலை கெடச்சிருக்கு."

"குளிக்கிறதுக்குச் சம்பளமா? எவன் குடுக்கான்?"

"தனியா இல்ல வாப்பா. பன்னெண்டு பேரு சேர்ந்துதான் குளிப்போம். டிரெஸ் அவங்களே குடுப்பாங்க. வீடியோகூட எடுப்பாங்க."

சிரியுங்கள் தாய்மார்களே, நன்றாகச் சிரியுங்கள். அந்த வீட்டில் அன்று யாரும் சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவர்தான் ஷகீல். இன்று காலையில்தான் சங்கதி என் காதுக்கு வந்தது. ஷகீல் அவர்களே, உங்கள் மகள் சொன்னது கடலில் மூழ்கும் வேலையை. கழுத்து முதல் கணுக்கால் வரை மூடிய உடுப்பு. முதுகில் காற்றுச் சிலிண்டர். சொல் என்னுடையது, பிழை என்னுடையது. பிள்ளையைப் பேசவிடுங்கள்.

எழுந்துவிட்டார். சத்தமாய்ச் சொல்லுங்கள் ஷகீல், பின்வரிசைக்கும் கேட்கட்டும்.

"வெளங்கிருச்சு மாமா. ஆனா இப்பத்தான் ஜாஸ்தி பயமாருக்கு. கீழ போனவ மேல வரலேன்னா?"

கேட்டீர்களா? இதற்குச் சிரிப்பில்லை. நான் பொய் சொல்ல மாட்டேன். என் வலது காது கேட்காது, கடல் எடுத்துக்கொண்டது. எங்கள் காலத்தில் இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுமுனையைக் கண்டவனிடம் கொடுக்க மாட்டோம்; பெண்சாதியின் தம்பியிடம் கொடுப்போம். அக்காள் தாலி அறுவதை எந்தத் தம்பி பொறுப்பான்? அந்த நம்பிக்கையில்தான் தலைகீழாய்ப் பாய்ந்தோம்.

"அப்போ எம்மவளுக்குக் கயிறு யாரு மாமா புடிப்பா?"

இதைக் கயிறு கட்டி இறங்கிய கிழவனிடம் கேட்காதீர்கள், இனி இறங்கப் போகிறவளிடம் கேளுங்கள். சஃப்ரீன், நீ சொல்லம்மா. வேண்டாம், உன் பக்கத்தில் எழுந்து நிற்கிற பெண் யார்? திலக் நகர் சாதனாவா? உனக்கும் அதே வேலையா? பேசம்மா.

"அங்கிள், கயிறு கிடையாது. நாங்க ஜோடியாதான் எறங்குவோம், அது ரூல். அவ காத்து தீந்தா என் காத்துல அவளும் மூச்சு விடுவா. நான் அவள விட்டுட்டு மேல வரவே மாட்டேன்."

ஷகீல் கேட்கிறார்: "ஒங்க வீட்ல சம்மதிச்சுட்டாங்களாம்மா?"

"அம்மா ஹான் சொல்லிட்டாங்க. சஃப்ரீன் வாப்பா என்ன சொல்றாருன்னு பாத்துட்டுத்தான் சொல்வேங்கிறாரு அப்பா."

அடடா. இவர் தலையசைப்புக்கு இரண்டு வீடு காத்திருக்கிறதா? ஷகீல், எங்கே போகிறீர்? செல்போனை நீட்டி அந்தப் பெண்ணிடம் அவள் அப்பாவின் நம்பர் கேட்கிறார். வழி விடுங்கள், வழி விடுங்கள். வெளியே வராந்தாவில் நின்று பேசுகிறார். அமைதி தாய்மார்களே, என் ஒற்றைக் காதுக்கே கேட்கிறது.

"சார், நான் சஃப்ரீன் வாப்பா பேசுறேன். நம்ம புள்ளைங்க ரெண்டு பேருக்கும் எந்த தேதிக்கு டிக்கெட் போடலாம், சொல்லுங்க."

இதற்குமேல் நான் பேசினால் அது அதிகம். கேட்ட செவிகளுக்கும் சிரித்த வாய்களுக்கும் நன்றி. தலைவருக்குச் சலாம், தாய்மார்களுக்கு வணக்கம், கடலுக்குப் போகிற இரண்டு குளியாட்களுக்கும் இந்தக் கிழவனின் துஆ.