நாற்பது நிமிடக் கோளாறு

எங்கள் வீட்டில் ஒரு வருடத்துக்கு மேலாகத் தேன் கடையில் வாங்கியதில்லை. கல்வராயன் மலையிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். சீசனில் பலாப்பழம், சாமை அரிசி. வேண்டாமென்றால் கோபித்துக்கொள்வார்கள். அவ்வளவு அன்பு. அதைச் சொன்னால்தான் மற்றது உங்களுக்குப் புரியும், இன்ஸ்பெக்டர் சார்.

நான் தமிழ்வேந்தன். ஊர் தியாகதுருகம். கள்ளக்குறிச்சியில் ஒரு அறக்கட்டளை ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மலையில் எங்களுக்குப் பதினான்கு கிளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நர்ஸ், ஒரு திரை. செல்போன் சிக்னல் எட்டாத ஊர்கள் என்பதால் கூரைமேல் டிஷ் வைத்து இணைப்பு கொடுத்திருக்கிறோம். திரையைத் திறந்தால் இங்கிருக்கும் டாக்டர் முகம் தெரியும். அவர் பார்த்துச் சொல்லச் சொல்ல நர்ஸ் மருந்து கொடுப்பார்.

அந்தத் திரை எங்களுடையதுதானா என்று சர்வருக்குத் தெரிய வேண்டுமே. அதனால் திறக்கும்போதெல்லாம் திரைக்கு ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். அடையாள அட்டை மாதிரி. அதைக் கொடுக்கவென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது.

அதில் ஒரு ஓட்டை இருந்தது. ஏதோ ஓர் ஆபீஸ் ஜன்னலில் ஒருவர் ஆயிரம் பக்க மனுவை நீட்டுகிறார் என்று வையுங்கள். முழுக்கப் படித்துவிட்டுத்தான் அடுத்த ஆள் என்று குமாஸ்தா உட்கார்ந்துவிட்டால் வரிசை நகருமா? அதேதான். அளவில்லாத நீளத்தில் பெயர்ப்பட்டியல் வைத்து ஒரு விண்ணப்பம் போனால், மென்பொருள் அதையே படித்துக்கொண்டு நின்றுவிடும். எதுவும் திருடு போகாது, எதுவும் அழியாது. எல்லோரும் காத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

முதல் முறை அது தானாக நடந்தது. ஒரு கிளையின் இயந்திரம் கெட்டுப்போய் அப்படியொரு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டது. கண்டுபிடித்துச் சரிசெய்ய நாற்பது நிமிடம் ஆனது. திரைகள் மறுபடி வந்ததும் பெரிய டாக்டர் ராமசாமி மாடியிலிருந்து இறங்கி வந்தார். "நீ இல்லன்னா இன்னிக்கு இன்னா ஆயிருக்கும்பா" என்று எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது வருடத்தில் அவர் என் அறைக்கு வந்தது அன்றுதான். அதற்காக அவர்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. ஃபேன் ஓடுகிறவரை யாரும் எலக்ட்ரீஷியனை நினைப்பதில்லை.

அடுத்த வாரமே அந்த ஓட்டையை அடைக்கும் புதிய பதிப்பு வந்தது. என் பிரிவில் வேலை செய்யும் சுபஸ்ரீதான் பார்த்துச் சொன்னாள். நைனார்பாளையத்துப் பெண், கெட்டிக்காரி.

"சார், இத இன்னிக்கே போட்டுடலாமா?"

"டெஸ்ட் பண்ணிட்டுப் போடலாம்மா. அவசரம் இன்னா?" என்றேன்.

புதிய பதிப்பை நான் போடவே இல்லை. அப்படித்தான் ஆரம்பித்தது. மாதத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. நான் யோசிக்காமல் செய்கிறவன் இல்லை. கூட்டம் குறைந்த பிற்பகல், மூன்று மணி வாக்கில்தான். என் கம்ப்யூட்டரிலிருந்து அதே மாதிரி நீளமான ஒரு விண்ணப்பத்தை அனுப்புவேன். திரைகள் நிற்கும். மெனக்கெடுகிற மாதிரி உட்கார்ந்திருப்பேன். சரிசெய்வது மூன்று நிமிட வேலை. ஆனால் மூன்று நிமிடத்தில் சரியானதற்கு யார் நன்றி சொல்வார்கள்? நாற்பது நிமிடம்தான் சரியான அளவு. அதற்கு மேல் போனால் திட்டுவார்கள். பதினொரு முறை செய்தேன். பதினொரு முறையும் எல்லோருக்கும் சந்தோஷம். அறைக்குக் கேசரி வரும். மலைக்குப் போனால் நர்ஸ்கள் ஊரையே கூட்டி, "இவருதான் நம்ம பொட்டிய சரி பண்றவரு" என்று காட்டுவார்கள்.

பன்னிரண்டாவது முறை, மாசி மாதம், ஒரு புதன்கிழமை. மலையில் சடையன் என்பவர் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கும்போது பாம்பு கடித்திருக்கிறது. தூக்கிக்கொண்டு கிளைக்கு வந்துவிட்டார்கள். விஷமுறிவு மருந்தும் அங்கே இருந்தது. டாக்டர் திரையில் பார்க்காமல் அதை ஏற்றக் கூடாது என்பது எங்கள் விதி. நர்ஸ் கோகிலவாணி திரையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, சடையனின் தம்பியை பைக்கில் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு அனுப்பியிருக்கிறார். அவர் போன் செய்ததும் சுபஸ்ரீ ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டு என் அறைக்கு ஓடி வந்தாள்.

"சார், மலையில பாம்புக் கடி. மூச்சு வாங்குதாம். எவ்ளோ நேரம் ஆவும் சார்?"

"பாத்துக்கினுதான் இருக்கேன்மா" என்றேன்.

அப்போது இருபத்தோரு நிமிடம் ஆகியிருந்தது. அவள் சொன்ன கையோடு சரியானால், இதற்கா இவ்வளவு அமர்க்களம் என்று அவளுக்குத் தோன்றிவிடும். அவள் என் பின்னாலேயே நின்றாள். நான் தேவையில்லாத பக்கங்களைத் திறந்து திறந்து மூடினேன். நாற்பதாவது நிமிடம் திரைகள் வந்தன. சடையன் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் போயிருந்தார்.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. பெரிய டாக்டர் என் தோளைத் தட்டி, "உன்னால ஆனத செஞ்ச" என்றார். பத்தாம் நாள் சடையனின் மனைவி குப்பாயி மலையிலிருந்து இறங்கி வந்து என்னைத் தேடிப் பிடித்துக் கும்பிட்டார்.

"நீங்கதான் அந்தப் பொட்டிய சரி பண்ணீங்களாமே சாமி. அது இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தா அவுரு பொழச்சிருப்பாருன்னு நர்ஸம்மா சொன்னாங்க. இன்னொருத்தருக்கு இப்டி ஆவாம பாத்துக்கோங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனசா என்று வீட்டிலும் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன்.

பதிவேடுகளைத் தோண்டி, எல்லா விண்ணப்பமும் என் கம்ப்யூட்டரிலிருந்து போனதைக் கண்டுபிடித்து உங்களிடம் கொடுத்தது சுபஸ்ரீ. அவள்மேல் எனக்குக் கோபமில்லை, பெருமைதான். வேலை கற்றுக்கொடுத்தது நான்தானே. ஒன்றை மட்டும் அவள் எழுதியிருக்க மாட்டாள், நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். குப்பாயி அம்மா சொன்னதை மனதில் வைத்துத்தான், அதற்குப் பிறகு செய்த இரண்டு முறையும் இருபது நிமிடத்திலேயே சரிசெய்துவிட்டேன்.